மதலேனாவின் ராபுப் பாத்தி

மண்சரிவில் வீடு போனவர்களுக்கென்று ஜனவரியில் அம்பிட்டியவில் ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். மதலேனாவும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டாள். போர்வை, சவர்க்காரம், பருப்பு, டின்மீன், அவற்றுக்கு அடியில் சின்னச் சின்ன விதைப் பக்கற்றுகள். மிளகாய், கத்தரி, பயிற்றை, ராபு. முள்ளங்கிக்குக் கண்டிப் பக்கத்தில் ராபு என்றுதான் பேர். வீடே இல்லாதவர்களுக்கு விதை எதற்கு என்று வரிசையில் யாரோ கேட்டார்கள். கொடுத்த அலுவலர் காதில் விழாததுபோல அடுத்த பையை எடுத்தார்.

மதலேனாவுக்கு விதை போட இடம் இருந்தது. அவளுடைய வீட்டில் பாதி இன்னும் நின்றது. முன்னறையும் வாசலும் அப்படியே இருந்தன. அதற்குப் பின்னால் குசினியும் படுக்கையறையும் இருந்த இடத்தில் சிவப்பு மண் குவிந்து கிடந்தது. வீட்டுப் பக்கம் ஜன்னல் மட்டத்துக்கு, மலைப் பக்கம் கூரை மட்டத்துக்கு. அந்த மண்ணுக்குள் எங்கேயோ அவள் புருஷன் மனுவேலும் கிடந்தான்.

மனுவேல் மேசன். அந்த வட்டாரத்தில் அவன் கட்டிய மதில்கள் நிறைய. குடிக்க மாட்டான், பேச்சும் குறைவு. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் யாருடையதாவது பழுதான மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மதலேனா டவுனில் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கும் கடையொன்றில் பொத்தான் வைப்பவள். வயது ஐம்பதைத் தாண்டியும் ஊசியில் நூல் கோர்க்க அவளுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. ஒரே மகள் சமந்தா கல்யாணம் கட்டிப் பிலிமத்தலாவைக்குப் போனபின் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

நவம்பர் கடைசியில், நாடெங்கும் மலைகள் சரிந்த அந்த மழையில், பஸ் ஓடாமல் நின்றுவிட்டது. மதலேனா கடையின் மேல்மாடியில் மற்றப் பெண்களோடு தங்கிவிட்டாள். பின்னேரம் மனுவேல் போன் எடுத்தான்.

"பின்னால தண்ணி ஓடுற கான் அடைச்சுக்கிச்சு. தண்ணி குசினிக்குள்ள வருது. வெட்டி விட்டுட்டு மறுபடி எடுக்கிறேன்."

"விடுங்க, தண்ணிதானே. கீழ, பக்கத்து வீட்டு ருக்கியாகிட்ட போய் நில்லுங்க."

"கொஞ்சந்தான். வெட்டிட்டுப் போறேன்."

மறுபடி எடுக்கவில்லை.

விடிந்ததும் அவள் டவுனிலிருந்து நடந்தே ஏறி வந்தாள். வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் விடாமல் கயிறு கட்டியிருந்தார்கள். இராணுவத்தார் மண்வெட்டியால்தான் தோண்டினார்கள். ஒழுங்கை ஒடுக்கம், மெஷின் ஏறாது. ஒரு பக்கம் தோண்ட மறுபக்கம் சேறு வந்து நிரப்பியது. மேலே மலையில் ஒரு வெடிப்பு அகலமாகிக்கொண்டு வருவதைக் கண்ட அதிகாரி கடைசியில் எல்லோரையும் இறங்கச் சொன்னார். மதலேனாவிடம் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மண் காய்ந்த பிறகு வருவோம் என்றார். பொய் சொல்லுகிற முகம் இல்லை அவருக்கு. ஆனால் அந்த மாதம் நாட்டில் காயவேண்டிய மண் அவ்வளவு கிடந்தது. யாரும் வரவில்லை.

சமந்தா தாயைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். மருமகன் நிரோஷன் லொறி ஓட்டுபவன், நல்ல மாதிரி. தன் கட்டிலை மாமிக்கு விட்டுக்கொடுத்துத் தரையில் படுத்தான். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வரைக்கும் மதலேனா அங்கே இருந்தாள். நத்தார் முடிந்து ஒருநாள் வேலைக்கென்று புறப்பட்டவள் நேரே அம்பிட்டியவுக்கு வந்து முன்னறையைக் கூட்டிக் கழுவிப் பாயை விரித்துவிட்டாள். அங்கே ஆள் குடியிருக்கக் கூடாது என்று சுவரில் சிவப்பு எழுத்தில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. மழை தூறினால் கீழே ருக்கியா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் சமந்தா கொஞ்சம் அடங்கினாள். காணி பறிபோய்விடும் என்று பயந்து இருக்கிறாள் என்று சனம் பேசியது. பிடிவாதம் என்றும் பேசியது.

விதைப் பை வந்தது அப்போதுதான். சும்மா இருக்க முடியாத கை அவளுக்கு. ஜன்னல் பக்கமாக மண்ணில் கல் அடுக்கிப் படியாக்கி மேலே ஏறினாள். கண்ணாடித் துண்டையும் ஓட்டுச் சில்லையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மேல் மண்ணை மனுவேலின் சாந்துக் கரண்டியால் கீறிவிட்டு விதைகளைத் தூவினாள். மிளகாயும் கத்தரியும் முளைக்கவே இல்லை. பயிற்றை இரண்டு இலை விட்டு மஞ்சளாகிச் செத்தது. ராபு மட்டும் வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்ததுபோல் அவ்வளவு வேகமாக வந்தது. காலையில் வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் அதன் முன்னால் குந்தியிருப்பாள்.

கீரை முழங்கால் அளவு உயர்ந்தபோது ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். அடியில் எலிவால் மாதிரி ஒரு வேர். இன்னொன்றைப் பிடுங்கினாள். அதுவும் அப்படித்தான். பாத்தி முழுக்க இலை, கிழங்கு இல்லை.

பிடுங்கினதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒழுங்கை அடியில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் ஹபீலிடம் போனாள். ஹபீல் ருக்கியாவின் புருஷன். கடைக்கு மரக்கறி எடுக்கத் தோட்டங்களுக்குப் போய் வருகிற ஆள். அவன் கீரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பயிர் நெருங்கிப் பெய்த்து அக்கா. தூவி விட்டீங்க போல. ஒண்டோட ஒண்டு முட்டிக்கிட்டு ஈந்தா கெழங்கு எங்க வெக்கிற? மொளச்சதும் நடுவுல நடுவுல பிடுங்கி எறியோணும். ஒரு சாண் எடவெளி ஈக்கட்டும்."

"பிடுங்கி எறியணுமா?"

"எறியாட்டி எல்லாமே இப்பிடித்தான்."

அவன் கொடுத்த விதையில் மறுபடி போட்டாள். இந்த முறை வரிசையாக. முளைத்ததும் ஹபீல் சொன்னபடி இடைவெளி விட்டு மற்றவற்றைப் பிடுங்கினாள். நன்றாக முளைத்து நின்றதைப் பிடுங்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் செய்தாள். மாசிக் கடைசியில் பார்த்தபோது வேர் கொஞ்சம் தடித்திருந்தது, விரல் பருமன். விரல் மாதிரியே கோணியும் இருந்தது. கடித்தால் மரக்கட்டை.

பக்கத்துக் காணியிலிருந்து சாய்ந்து நின்ற பலா மரத்தின் நிழல் மத்தியானத்துக்குப் பிறகு பாத்தியில் விழுந்தது. அதுதான் காரணம் என்று நினைத்து, காணிக்காரரிடம் கேட்டு இரண்டு கிளையை வெட்டுவித்தாள். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றியதுதான் காரணம் என்று நினைத்து, தினமும் கீழே குழாயிலிருந்து வாளியில் சுமந்து ஊற்றினாள். மண்ணில் சத்து இல்லை என்று ருக்கியா சொன்னாள்.

"எங்கட கோழிக் கூட்டுல பசளை குமிஞ்சி ஈக்கு. அள்ளிக்கொண்டு போங்கக்கா. ஆனா நல்லாக் கொத்திப் போட்டீங்களா? மண்ண கொத்தோணுமே முதல்ல."

"கொத்துனேன்," என்றாள் மதலேனா.

ருக்கியா அவள் முகத்தைப் பார்த்தாள். மண்வெட்டி வேண்டுமென்று மதலேனா தங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை, அவளிடமும் மண்வெட்டி கிடையாது என்பது ருக்கியாவுக்குத் தெரியும். பசளையைச் சாக்கில் அள்ளிக் கொடுத்தாள்.

கோழிப் பசளை போட்ட மூன்றாவது பாத்தியின் கீரையைப் பார்த்து ஒழுங்கையில் போனவர்கள் நின்று விசாரித்தார்கள். கரும்பச்சை, தொடை உயரம். மதலேனா வேலையிலிருந்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல், ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். இரண்டாகப் பிரிந்தது, மூன்றாகப் பிரிந்தது, படுக்கையாகத் திரும்பியது, நூலாய்ப் போனது. வரிசை வரிசையாகப் பிடுங்கிக்கொண்டே போனாள். கடைசி வரிசையும் முடிந்தபின் அந்தக் கீரைக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மனுவேல் போனபிறகு அவள் அழுததை அன்றுதான் ருக்கியா பார்த்தாள்.

விவசாயப் போதனாசிரியை சந்திரிகா வந்தது அதற்குப் பிறகு. விதை கொடுத்த இடங்களைப் பார்த்து வர அனுப்பியிருந்தார்கள். சின்ன வயதுப் பெண், ஹட்டன் பக்கத்து ஆள், தமிழ் நன்றாகப் பேசுவாள். படியேறி வந்து, பிடுங்கிப் போட்ட வேர்களைக் கையிலெடுத்து வரிசையாகக் கல்லின்மேல் அடுக்கினாள்.

"இதப் பாருங்கம்மா. எல்லாம் ஒரே எடத்துல திரும்பியிருக்கு. கீழ போகப் பாத்து, போக முடியாம பக்கத்துல ஓடியிருக்கு."

கையிலிருந்த குடையின் நுனியை மண்ணில் வைத்து அழுத்தினாள். விரல் நீளம் இறங்கி நின்றுவிட்டது. இன்னோர் இடத்தில் அழுத்தினாள். அங்கும் அப்படியே.

"மலை உள்ளுக்கு இருந்த மண்ணு இது. மழையில வந்து படிஞ்சு, வெயில்ல இறுகிப் போச்சு. விதையிலயும் பிழையில்ல, தண்ணியிலயும் பிழையில்ல. பசளை கூடிப் போச்சு, அதான் எலை இப்படி. ஆனா முக்கியமானது மண்ணுதான். எவ்வளவு ஆழத்துக்குக் கொத்துனீங்க?"

மதலேனா சாந்துக் கரண்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினாள்.

"ஒரு முழமாவது கொத்திப் புரட்டணும். கொஞ்சம் ஆத்து மணல், மக்கின குப்பை கலந்து விடுங்க. அது செய்யாம என்ன செஞ்சாலும் ராபு வராது. மண்வெட்டி இல்லியா? ஆள் இல்லியா? சொல்லுங்க, நான் யாரையாவது—"

"வேணாம்."

குரல் உரத்து வந்துவிட்டது. சந்திரிகா பயந்துபோனாள். பிறகு அவள் பார்வை முன்னறையின் பின்சுவருக்கும், மண்ணுக்கும், மேலே வெட்டுண்டு நிற்கும் மலைக்கும் போய் வந்தது. இந்த வீட்டைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

"இங்க யாராவது...?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரரு."

சந்திரிகா கையிலிருந்த வேரைக் கீழே வைத்தாள். அதை எப்படி வைப்பது என்று தெரியாமல் மெதுவாக வைத்தாள். போகும்போது, "நான் சொன்னத மறந்துருங்கம்மா, கீரைய மட்டும் சுண்டிச் சாப்பிடலாம்," என்றாள்.

சொன்னதை மறக்க மதலேனாவால் முடியவில்லை. சந்திரிகா சொல்லாமலே அவளுக்கு அது தெரியும். முதல் எலிவாலைப் பிடுங்கின நாளிலிருந்தே தெரியும். அதனால்தான் இடைவெளி, நிழல், தண்ணீர், பசளை என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அந்த ஞாயிறு சமந்தா வந்தாள். வாசலில் கிடந்த கீரைக் குவியலைக் கண்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்பா போன எடத்துல நீங்க ராபு போட்டுக்கிட்டு இருக்கீங்க. பாக்கிறவங்க என்கிட்டதான் கேக்கிறாங்க. சரி, போடுறதுதான் போடுறீங்க, அதயாவது ஒழுங்கா கொத்திப் போட்டா என்னாம்மா? ஹபீல் நானா சொல்றாரு, நீங்க கரண்டியால சுரண்டிக்கிட்டு இருக்கீங்கன்னு."

மதலேனா குப்பையை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்: "மண்வெட்டிய ஓங்கினா அது எங்க விழும்னு எனக்குத் தெரியாது, புள்ள."

சமந்தாவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலோ கையோ. தலையோ," என்றாள் மதலேனா. "அவரு எந்தப் பக்கம் தலை வச்சுக் கிடக்கிறாருன்னு யாருக்குத் தெரியும்? ஆமிக்காரங்க தோண்டும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் எனக்கு இங்க விழுந்துச்சு." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "அதான் மேலால கீறினேன். மேலால கீறினா போதும்னு நினைச்சேன்."

"பின்ன ஏன்மா போட்டீங்க? ஏன் இங்கயே இருக்கீங்க?"

"சும்மா விட்டா ஆளுங்க மேல நடப்பாங்க. ஆடு மாடு நடக்கும். பாத்தி போட்டா நடக்க மாட்டாங்க."

அன்று சமந்தா பிலிமத்தலாவைக்குத் திரும்பிப் போகவில்லை. நிரோஷனுக்குப் போன் எடுத்து வரச் சொன்னாள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை தொடங்கியிருந்ததால் அவனுக்கு லொறி ஓட்டம் இல்லை. ராபுவுக்காக என்று யாரும் சொல்லவில்லை. கொத்திப் பார்த்துவிடுவோம் என்று மட்டும் நிரோஷன் சொன்னான்.

"மாமி, நான் ஓங்க மாட்டேன். மண்வெட்டிய வச்சு இழுத்து இழுத்து எடுக்கிறேன். நீங்க முன்னால கையால பாத்துக்கிட்டே வாங்க. ஏதாவது பட்டா நிப்பாட்டுங்க."

ஹபீல் தன் மண்வெட்டியோடு வந்தான். ருக்கியா முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து மண்ணை நனைத்துக் கொடுத்தாள். நனைத்த இடத்தை மதலேனா இரண்டு கையாலும் தடவிப் பார்ப்பாள். பிறகு கொஞ்சம் தள்ளி உட்காருவாள். ஆண்கள் இருவரும் அந்த இடத்தை இழுத்துப் புரட்டுவார்கள். மறுபடி அவள் தடவுவாள். அப்படியே நகர்ந்தார்கள். மாவரைத்துப் பலகாரம் சுடும் வாசனை கீழே வீடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது.

மலையில் மேலே இருந்த வீட்டாரின் குளிர்சாதனப் பெட்டிக் கதவு ஒன்று வந்தது. கூரைத் தகரம் சுருண்டு கிடந்தது. குசினிப் பானையின் மூடி வந்தபோது சமந்தா அதை வாங்கிக் கழுவி ஓரமாக வைத்தாள். இரண்டாம் நாள், மலைப் பக்கமாகக் கொஞ்சம் ஆழத்தில், துணி தெரிந்தது.

நிரோஷன் மண்வெட்டியை அப்படியே விட்டுவிட்டான். மனுவேல் இடுப்பில் கட்டுகிற நீலக் கட்டம் போட்ட சாரம். ஹபீல் வாய்க்குள் ஏதோ ஓதினான். மதலேனா முழங்காலில் ஊர்ந்து வந்து, மற்றவர்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, விரலால் மண்ணை எடுத்தாள். வெகுநேரம் எடுத்தாள். சாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முழுவதும் வந்தபோது அது மடித்தபடியே இருந்தது. அலுமாரியில் அவளே மடித்து வைத்த மடிப்பு. அதற்கடியில் அலுமாரியின் ஒரு பலகையும் இன்னும் இரண்டு சாரமும், வேறொன்றும் இல்லை.

சமந்தா அந்த மண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றுதான் அந்தச் சில நிமிடங்கள் அவள் நம்பியிருந்தாள்.

மாலையில் பாத்தி முழுவதும் ஒரு முழ ஆழத்துக்குப் புரண்டு கிடந்தது. அதற்குக் கீழே இன்னும் எவ்வளவோ மண் இருந்தது. கை மண்வெட்டியால் போகக்கூடிய ஆழம் இல்லை அது, மலையும் அதற்கு விடாது. மதலேனா நின்று பார்த்தாள்.

"வேர் போற ஆழத்துல அவரு இல்ல," என்றாள். "கீழ இருக்காரு. இனிப் படாது."

நிரோஷன் லொறியில் மணல் கொண்டுவந்து இறக்கினான். மதலேனா அதையும் பழைய இலைக்குப்பையையும் கலந்து பரப்பி மறுபடி ராபு போட்டாள். கோழிப் பசளை போடவில்லை. முளைத்ததும் களைந்தாள், அளவாகத் தண்ணீர் விட்டாள். வைகாசி பாதிக்கு மேல் போனபோது மண்ணைத் தள்ளிக்கொண்டு வெள்ளைத் தோள்கள் தெரியத் தொடங்கின. முதல் ராபுவைப் பிடுங்க அவள் இரண்டு கையும் போடவேண்டியிருந்தது. முழங்கை நீளம். நேராக, வழவழப்பாக, சந்தைக்கு வருவதைவிட நல்ல ராபு.

நல்லதாகப் பத்துப் பன்னிரண்டைக் கழுவிக் கட்டி ஹபீலின் கடைக்குக் கொண்டுபோனாள். ஹபீல் அதைக் கையில் வாங்கினான், எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தான், பிறகு தராசில் வைக்காமல் பலகையில் வைத்தான்.

"அக்கா, ராபு நல்ல மால். நான் பொய் சொல்ல இல்ல. ஆனா இங்க சாமான் வாங்கிற எல்லாருக்கும் தெரியும், இது எந்த மண்ணுல வந்ததெண்டு. கேப்பாங்க. கேட்டா நான் என்ன சொல்லுற?"

"சரி ஹபீல்."

"கோவிக்காதீங்கக்கா."

"கோவமில்ல. நீங்க சொல்றது சரிதான்."

இரண்டை ருக்கியாவிடம் கொடுத்தாள். ருக்கியா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் பேசினாள். மறுநாள் காலையில் வேலைக்கு இறங்கிப் போகும்போது, ருக்கியா வீட்டு ஆடு வேலியோரம் அந்த ராபுவைக் கடித்துக்கொண்டு நிற்பதை மதலேனா கண்டாள். ருக்கியாவும் அவள் கண்டதைக் கண்டாள். அன்று மத்தியானம் ருக்கியா சோறும் கோழிக் கறியும் கட்டிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அதன்பிறகு மதலேனா யாரிடமும் கொண்டுபோகவில்லை. தானே ஆக்கித் தின்றாள். நெத்தலிக் கருவாடு போட்டு வெள்ளைக் கறியாக ஒருநாள், மிளகாய்த்தூள் போட்டு ஒருநாள், சீவித் தேங்காய்ப் பூவோடு பிசைந்து ஒருநாள். சமந்தா வந்தபோது தாயின் சோற்றுப் பீங்கானில் அதுதான் இருந்தது.

சமந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எப்படிம்மா தொண்டையில எறங்குது?"

"எறங்குது."

"எனக்கு வேணாம்."

"உன்னத் தின்னச் சொல்லல. வளந்துருச்சு. வேற யாரும் திங்க மாட்டாங்க. அழுக விடவா?" ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். மென்று விழுங்கினாள். "உங்கப்பாவுக்கு ராபு பிடிக்காது. நான் ஆக்கினா மணக்குதுன்னு வெளிய போய் உக்காருவாரு."

சமந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அவள் அதைத் தொடவில்லை.

ஆனியில் மழை தொடங்கியதும் பொலிசாரும் கிராம சேவகரும் வந்தார்கள். பேச்சு நீளவில்லை. மேலே வெடிப்புக்குள் ஆள் இறங்கி நிற்கலாம் போல இருக்கிறது என்று கிராம சேவகர் சொன்னார். ருக்கியா குடும்பத்தையும் எழும்பச் சொன்னார்கள். மதலேனா வாதாடவில்லை. பாத்தியில் மிச்சம் நின்ற ராபுவை அப்படியே விட்டுவிட்டு, பாயையும் உடுப்பையும் கட்டிக்கொண்டு நிரோஷனின் லொறியில் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். ஒழுங்கை திரும்பும் இடத்தில் நிரோஷன் வேகத்தைக் குறைத்தான். திரும்பிப் பார்க்கிறாளா என்று பார்த்தான். அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

பிலிமத்தலாவையில் ஒரு பித்தளைச் சாமான் கடையில் விளக்குத் துலக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மழை விடவில்லை. ஒருநாள் கடையில் இருக்கும்போது ருக்கியாவிடமிருந்து போன் வந்தது. அவர்கள் மஹய்யாவையில் ஹபீலின் தம்பி வீட்டில் இருந்தார்கள்.

"அக்கா, ராவு மலை மறுபடி வந்திரிச்சாம். ஒங்கட முன்னறையும் மண்ணுக்குள்ள பெய்த்து. எங்கட வீடும் பாதி பெய்த்து. ரோட்டு வரைக்கும் மண்ணாம்."

மதலேனா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"யாருக்காவது ஏதாவது?"

"இல்லக்கா. எல்லாரும் எழும்பிட்டாங்கதானே. அல்லா காப்பாத்தினான்."

"அப்ப பாத்தி?"

"அது எங்கயோ அடியில, அக்கா. ஒண்டும் தெரியாதாம்."

மதலேனா கீழே வைத்த துணியை எடுத்து மடித்தாள். பிறகு "நீங்க பத்திரமா இருங்க," என்றாள்.

பிரதேச செயலகத்திலிருந்து அதற்குப் பிறகு கூப்பிட்டார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கும் இறப்புச் சான்றிதழ் கொடுக்கிறார்கள், உறவுக்காரர் வந்து வாக்குமூலம் சொன்னால் போதும் என்றார்கள். அன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டுச் சமந்தாவோடு போனாள். கதிரையில் உட்காரவைத்து ஒரு எழுதுவினைஞர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பேர், வயது, தொழில், மதம். மதலேனா நிதானமாகச் சொன்னாள்.

"கடைசியா எப்ப பாத்தீங்கம்மா?"

"அன்னிக்குக் காலம்பற. நான் பஸ்ஸுக்கு இறங்கும்போது வாசல்ல நின்னு பல் விளக்கிக்கிட்டு இருந்தாரு."

"ஏதாவது சொன்னாரா?"

"வாய் நெறைய நுரை," என்றாள் மதலேனா. "கையத்தான் காட்டினாரு."

எழுதுவினைஞர் எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். சமந்தா தாயின் தோளில் கை வைத்தாள்.

"எழுதுங்க ஐயா," என்றாள் மதலேனா. "கையெழுத்து எங்க வைக்கணும்?"